ஒப்பந்தத்தில் யார் யார்?

கேள்வி: நீதி, சுதந்திரம், சமத்துவம் இவைதாம் அரசியல் தத்துவத்தின் பொருள். இதற்குள் கறுப்பர், வெள்ளையர் என்ற பேச்சை நுழைப்பதால் தத்துவத்துக்கு என்ன லாபம்? அமெரிக்கர்களின் தலைவலி நமக்கு எதற்கு?
(ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை)

பதில்: யாரும் புதிதாக நுழைக்கவில்லை ஐயா, முதலிலிருந்தே உள்ளேதான் இருக்கிறது. இயற்கையில் மனிதர் அனைவரும் சுதந்திரமானவர்கள் என்று எழுதிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். ‘அது அவருடைய சொந்த விவகாரம், கொள்கை வேறு’ என்று சமாதானம் சொல்வார்கள். ஜமைக்காவில் வளர்ந்த தத்துவவாதி சார்ல்ஸ் மில்ஸ் 1997இல் அந்தச் சமாதானத்தைத்தான் உடைத்தார். மக்கள் தமக்குள் உடன்பட்டுத்தான் அரசை அமைத்தார்கள் என்று லாக் போன்றவர்கள் சொன்னதைச் சமூக ஒப்பந்தம் என்று படிக்கிறோம். அது வெள்ளையர் தங்களுக்குள் செய்துகொண்டது. மற்றவர்களின் நிலமும் உழைப்பும் அதில் பங்கிடப்பட்ட சொத்து என்றார்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பர் உரிமைப் போராட்டத்தின் சூடு ஆறாத 1971இல் நீதியைப் பற்றி ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் எழுதினார். நிற அநீதியை எப்படிச் சரிசெய்வது என்பதற்கு அதில் அநேகமாக இடமே இல்லை. நியாயமான சமுதாயத்துக்கு முதலில் விதி வகுப்போம், நடந்துவிட்ட அநீதியைப் பிறகு பார்ப்போம் என்ற முறை அது. அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை என்பது மில்ஸின் குற்றச்சாட்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

நமக்கு எதற்கு என்கிறீர்களா? சாதியும் நிறமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதி இனப்பிரிவு அல்ல என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். ஆனால் 1946இல், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டு அவர்களின் அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் போட்டவரும் அவரே. 1972இல் உங்கள் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தொடங்கிய இளைஞர்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்பர்களின் ‘பிளாக் பேந்தர்’ கட்சியிலிருந்துதான் எடுத்தார்கள்.

உங்கள் ஊரில் வீடு பிடிக்கப் போனால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் சாதி என்ற சொல்லே இருக்காது. தரகர் விசாரிப்பதோ குடும்பப் பெயரையும், சைவமா அசைவமா என்பதையும். தாளில் எழுதியதை மட்டும் வாசிக்கும் தத்துவத்துக்கு இதில் குற்றம் எதுவும் தென்படாது. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்த அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் பக்கம்தான் 2005இல் உச்ச நீதிமன்றமும் நின்றது. சங்கம் அமைக்கும் உரிமையைக் காரணம் காட்டியது. வெளியே நிறுத்தப்பட்டவரின் உரிமை தராசில் ஏறவில்லை.

உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் துணைவிதிகளை ஒருமுறை படியுங்கள். பிறகு உறுப்பினர் பட்டியலையும் பாருங்கள். இரண்டும் பொருந்துகிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.