1988ல் இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் கிளப் என்ன ஆனது? அதன் வாரிசு ஏ.எஃப்.சி. விம்பிள்டனா, எம்.கே. டான்ஸா?

லீக்கில் இருந்த இடம் யாருக்குப் போனது என்று கேட்டால், எம்.கே. டான்ஸுக்கு. அந்தக் கோப்பை யாருடைய வரலாறு என்று கேட்டால், ஏ.எஃப்.சி. விம்பிள்டனுடையது. இரண்டு பதிலும் சரிதான். இது எப்படி என்று புரிய 2002ல் இருந்து தொடங்கக் கூடாது. பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், அதனால்தான் குழம்புகிறார்கள். கிளப்பையும் அதன் மைதானத்தையும் பிரித்த 1991தான் கதையின் முடிச்சு.

அதற்கு முன்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1889ல் தென்மேற்கு லண்டனில் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கிளப் இது. 1912ல் பிளவ் லேன் மைதானத்துக்கு வந்தது. நெடுங்காலம் அமெச்சூர் கிளப்பாகவே இருந்தது. 1963ல் அமெச்சூர் கோப்பையின் இறுதியில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று வென்றபோது, நான்கு கோல்களையும் எடி ரெனால்ட்ஸ் ஒருவரே தலையால் முட்டிப் போட்டார். 1975ல் அப்போதைய இங்கிலாந்து சாம்பியனான லீட்ஸை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று நிறுத்தினார்கள். லீட்ஸின் பீட்டர் லோரிமர் அடித்த பெனால்டியைத் தடுத்தவர் கோல்கீப்பர் டிக்கி கை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் கீழே முதலிடம் பிடித்தாலும், தொழில்முறை கிளப்கள் ஆடும் ஃபுட்பால் லீக்குக்குள் தானாக ஏற முடியாது. லீக் கிளப்கள் ஓட்டுப் போட்டுத்தான் சேர்ப்பார்கள். அப்படி 1977ல் வொர்க்கிங்டனை வெளியே அனுப்பிவிட்டு விம்பிள்டனை எடுத்தார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 1986ல், விம்பிள்டன் அன்றைய உச்சமட்டமான முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது.

1988 மே 14, வெம்ப்ளி. 37வது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து டென்னிஸ் வைஸ் அடித்த ஃப்ரீ கிக்கை லாரி சான்செஸ் தலையால் தொட்டு உள்ளே தள்ளினார். இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குப் பெனால்டி. உண்மையில் தடுப்பாட்டக்காரர் பந்தைத்தான் தொட்டிருந்தார், ஆனாலும் நடுவர் கொடுத்துவிட்டார். ஜான் ஆல்ட்ரிட்ஜ் ஓடி வரும்போது இடையில் சற்றே தயங்கி, கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு அடிப்பவர். விம்பிள்டன் கோல்கீப்பர் டேவ் பெசன்ட் இதை முன்பே கவனித்து வைத்திருந்தார். அவர் அசையாமல் காத்து நின்று, கடைசியில் தன் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது. வெம்ப்ளியில் அணித்தலைவராகக் கோப்பையை வாங்கிய முதல் கோல்கீப்பரும் பெசன்ட்தான். 1985ல் பெல்ஜியத்தின் ஹேசல் மைதானத்தில் ரசிகர்கள் உயிரிழந்த அசம்பாவிதத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்களுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை இருந்ததால், இந்த வெற்றி தந்த ஐரோப்பிய வாய்ப்பு விம்பிள்டனுக்குக் கிடைக்காமலே போனது. இன்று நினைத்தாலும் மனது ஆறாது.

இனி முக்கியமான இடம். 1989ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் உயிரிழந்த பிறகு, மேல்மட்ட மைதானங்களில் எல்லாப் பார்வையாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்றது அதை விசாரித்த டெய்லர் அறிக்கை. பிளவ் லேன் பெரும்பாலும் நின்று பார்க்கும் மைதானம். அதை மாற்றிக் கட்டக் கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் முடிவெடுத்து, 1991ல் இன்னொரு லண்டன் கிளப்பான கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு வாடகைக்குப் போனது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள், பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின.

வாடகைக்கு இருக்கும் கிளப் எங்கே அடிவாங்கும் என்று பாருங்கள். சொந்த மைதானத்தில் டிக்கெட்டோடு சாப்பாட்டுக் கடை, மதுக்கூடம், விளம்பரப் பலகை, விசேஷங்களுக்கு மண்டபம் என்று ஆட்டம் இல்லாத நாளிலும் காசு வரும். குத்தகைக்காரருக்கு இதில் பெரும்பகுதி கிடையாது. நடந்தே வந்து பார்த்த உள்ளூர்க்காரர்களும் குறைந்துபோனார்கள். 1993 ஜனவரியில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,039 பேர். பிரீமியர் லீக் வரலாற்றில், கோவிட் கால மூடிய ஆட்டங்களை விட்டுவிட்டால், இதுதான் மிகக் குறைந்த கூட்டம். பழைய மைதானமோ 1998ல் சேஃப்வே சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. திரும்பிப் போக வீடே இல்லை என்றானது அன்றுதான்.

2000 மே 14 அன்று, கோப்பை வென்று சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே உள்ள மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கிளப்பை மாற்றப் போவதாகத் தலைவர் சார்ல்ஸ் கோப்பல் அறிவித்தார். பெரிய கிளப் இல்லாத அந்த ஊருக்கு ஒன்றைக் கொண்டுவரத் துடித்தவர் பீட் விங்கிள்மன். ஃபுட்பால் லீக் மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பின் விஷயம் மூன்று பேர் கொண்ட ஆணையத்துக்குப் போய், 2002 மே 28 அன்று 2-1 என்று அனுமதி கிடைத்தது. அடியிலிருந்து விம்பிள்டன் பெயரில் ஒரு கிளப்பை மறுபடி தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கை சொல்லி வைத்தது.

ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது அப்படித்தான். ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர்களுக்குத் திறந்த தேர்வு நடத்தினார்கள். 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டனில் முதல் ஆட்டம், 0-4 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். முதல் சீசனில், பல படி கீழே உள்ள கம்பைன்ட் கவுன்டீஸ் லீக்கில் ஆடிய இந்தப் புது கிளப்பின் சராசரிக் கூட்டம், செல்ஹர்ஸ்ட் பார்க்கில் எஞ்சியிருந்த பழைய கிளப்பின் கூட்டத்தைவிட அதிகம். "வாரிசு யார்" என்ற கேள்விக்கு எனக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. கிளப்பின் கௌரவத் தலைவராக உட்கார்ந்தவர் யார் தெரியுமா? அந்த டிக்கி கைதான்.

பழைய கிளப் 2003 ஜூனில் திவால் நிர்வாகத்துக்குள் போய், செப்டம்பரில் மில்டன் கீன்ஸுக்கு மாறி, 2004ல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஏ.எஃப்.சி. விம்பிள்டனை நடத்துவது ரசிகர்களின் அமைப்பான டான்ஸ் ட்ரஸ்ட். எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. 2003ல் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில் கிங்ஸ்மெடோ மைதானத்தை வாங்கிக்கொண்டார்கள். 1991ன் பாடம் அதுதானே. 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோற்கவில்லை. அதற்குள் அடங்கும் 2003-04 சீசனில் மட்டும் 46 ஆட்டங்களில் 42 வெற்றி, 4 டிரா.

சறுக்கலும் உண்டு. 2006-07ல் ஜெர்மெய்ன் டார்லிங்டனைச் சேர்த்தபோது சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை. அவர் முன்பு ஆடிய கார்டிஃப் சிட்டி இங்கிலாந்து லீக்கில் ஆடினாலும், வேல்ஸ் சங்கத்தில் பதிவான கிளப். ஆகவே காகிதக் கணக்கில் அது வெளிநாட்டு மாற்றம். 18 புள்ளிகள் பறிக்கப்பட்டன, மேல்முறையீட்டில் அது 3 ஆனது. சிறு கிளப்கள் இப்படிப்பட்ட பதிவு வேலையில்தான் மாட்டிக்கொள்ளும்.

2011 மே 21 அன்று மான்செஸ்டரில் லூட்டனுடன், மேலே ஏறுவது யார் என்று முடிவுசெய்யும் பிளே-ஆஃப் இறுதி. 0-0. பெனால்டியில் செப் பிரவுன் இரண்டைத் தடுக்க, டேனி கெட்வெல் கடைசிப் பந்தை அடித்து 4-3 ஆக்கினார். ஒன்பது சீசனில் ஐந்தாவது ஏற்றம், மறுபடி ஃபுட்பால் லீக்.

ஒரு நெருடலையும் சொல்லியாக வேண்டும். கிங்ஸ்மெடோ, கிங்ஸ்டோனியன் என்ற சிறு கிளப்பின் வீடு. பணக்கஷ்டத்தில் அது கைமாறிய பிறகே விம்பிள்டன் வாங்கியது, அவர்களை அங்கேயே ஆடவும் விட்டது. ஆனால் பிளவ் லேனுக்குத் திரும்பப் பணம் வேண்டி மைதானத்தைச் செல்சிக்கு விற்றதும், 2017ல் கிங்ஸ்டோனியன் வெளியேற வேண்டியதாயிற்று. வீடிழந்த வலி தெரிந்தவர்கள் கையாலேயே இது நடந்தது. இதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது சரியில்லை.

புதிய மைதானம் பழைய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், முன்பு நாய்ப் பந்தய அரங்கு இருந்த நிலத்தில் எழுந்தது. கட்டப் பணம் பற்றாதபோது வெளி முதலீட்டாளரிடம் போகாமல், ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பர் 3 அன்று டான்காஸ்டருடன் முதல் ஆட்டம், 2-2. கோவிட் காலம் என்பதால், அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் யாரும் உள்ளே இல்லை.

கோப்பை விஷயம்: 2006ல் ரசிகர் அமைப்புகளோடு செய்த உடன்பாட்டின்படி, 1988 கோப்பையின் நகலையும் மற்ற நினைவுப் பொருட்களையும் எம்.கே. டான்ஸ் 2007ல் விம்பிள்டன் பகுதியைச் சேர்ந்த மெர்ட்டன் உள்ளாட்சியிடம் ஒப்படைத்தது. எம்.கே. டான்ஸ் தன் வரலாறு 2004ல் தொடங்குவதாகவே சொல்கிறது.