கடைசிப் பந்திக்கு வந்த குப்பி

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு ‘அனைவரையும் உள்ளடக்கிய, நீடித்த வளர்ச்சி’ என்று ஐ.நா. முதல் ஜி-20 வரை எல்லா மேடையிலும் பேசுகிறார்களே, உலக நாடுகள் உண்மையிலேயே அந்த வழியில்தான் போகின்றனவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘உள்ளடக்கிய’ என்கிற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். தமிழில் ‘அடக்கம்’ நிறைய வேலை பார்க்கும் சொல். பணிவாக இருப்பதும் அடக்கம், இறந்தவரைப் புதைப்பதும் அடக்கம். கடைக்காரர் “அடக்க விலையே இவ்வளவு ஆகுதுங்க” என்பதும் அதே அடக்கம்தான். இத்தனை பொருளில் ஒன்றிலாவது பக்கத்தில் சமமாக உட்காரவைப்பது என்ற எண்ணம் இருக்கிறதா? இல்லை. அறிக்கை எழுதுகிறவர்கள் அவசரத்துக்குப் பிடித்துப்போட்ட சொல் அது. நம்மிடம் இதைவிடத் தெளிவான சொல் இருக்கிறது: பந்தி. கல்யாணப் பத்திரிகை எல்லா வீட்டுக்கும்தான் போகும். யாரை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள், கடைசிப் பந்திக்குப் பாயசம் மிச்சம் இருந்ததா என்பதில்தான் மரியாதை தெரியும்.

கோவாக்ஸ் என்று ஒரு பந்தி போட்டார்கள். பணக்கார நாடும் ஏழை நாடும் சேர்ந்து தடுப்பூசி வாங்கி, ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்பது இலக்கு. முதல் சரக்கு 2021 பிப்ரவரி 24 அன்று கானாவின் அக்ராவில் இறங்கியது. புனேயில் தயாரான கோவிஷீல்டு, 6 லட்சம் டோஸ். ஆனால் அதற்கு முன்பே, 2020லேயே, பணமுள்ள நாடுகள் நேராகக் கம்பெனிகளிடம் போய்த் தங்கள் மக்கள்தொகையைப் போல் பல மடங்குக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டன. ‘பந்திக்கு முந்து’ என்பதை அவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை. அதோடு, கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது புனேயில் இருந்த ஒரே தொழிற்சாலையை. இந்தியாவில் இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதி நின்றது. கோவாக்ஸுக்குத் திரும்பப் போனது நவம்பரில்தான். 100 கோடியாவது டோஸ் ருவாண்டாவின் கிகாலியைத் தொட்டபோது 2022 ஜனவரி 15 ஆகிவிட்டது. அதாவது கெடு தாண்டியும் பாதிதான்.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ‘நன்கொடை’. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்ற பழமொழியோடு எனக்குப் பழைய சண்டை. மாட்டுச் சந்தையில் முதல் வேலையே பல் பார்ப்பது. பல்லைப் பார்த்தால் வயது தெரியும். இன்னும் எத்தனை வருஷம் உழும் என்பது தெரியும். சும்மா வந்த மாடு என்றால் மட்டும் ஏன் பார்க்கக்கூடாது? தீனி போடப்போவது வாங்கினவர்தானே? தடுப்பூசிக் குப்பியின் பல், அதன் மேல் அச்சடித்த காலாவதித் தேதி.

மலாவி நாட்டைப் பாருங்கள். 2021 மார்ச் 26 அன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக 1,02,000 டோஸ் ஆஸ்ட்ராஜெனெகா வந்தது. காலாவதி ஏப்ரல் 13. கையில் இருந்தது 18 நாள், அதிலும் நடுவில் ஈஸ்டர் விடுமுறை. விமான நிலையத்தில் இறங்கிய மருந்துக்குக் காகிதம் சரிபார்க்க வேண்டும், மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்க வேண்டும், 2 முதல் 8 டிகிரி குளிர் குறையாமல் வண்டியில் ஏற்ற வேண்டும், கிராமத்தில் இன்ன நாள் ஊசி என்று சொல்லி ஆள் சேர்க்க வேண்டும். ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாலு பேர் மட்டும் வந்திருந்தால் நர்ஸ் திறப்பதா, அவர்களைத் திருப்பி அனுப்புவதா? போதாக்குறைக்கு, ஐரோப்பாவில் அதே மருந்தால் ரத்தக்கட்டு என்ற செய்தி அந்த மாதம்தான் பரவியிருந்தது. மிஞ்சிய 19,610 டோஸை மே 19 அன்று லிலோங்வேயில் கமுசு மத்திய மருத்துவமனை உலையில் போட்டு எரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று நைஜீரியா, அபுஜா குப்பைக் கிடங்கில் 10,66,214 டோஸை அழித்தது. “கொடுத்தும் அவர்களுக்குப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை” என்று இதைப் பேசினவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு.

தேதி மட்டுமா? ஃபைசர் குப்பியைக் கையில் எடுங்கள், ஊதா மூடி போட்ட பழைய வகை. உள்ளே 0.45 மில்லி. அதில் 1.8 மில்லி சலைன் சேர்த்தால் 2.25 மில்லி. ஒருவருக்கு 0.3 வீதம் 6 பேர். சாதாரண சிரிஞ்சில் ஒவ்வொரு தடவையும் 0.08 மில்லி ஊசியின் அடியிலேயே தங்கினால், 6 பேருக்கு 2.28 மில்லி வேண்டும். ஆறாவது ஆளுக்குப் பற்றாது. இரண்டு குப்பியின் மிச்சத்தைச் சேர்த்துப் போடவும் கூடாது. 0.035க்கு மேல் தங்காத தனி சிரிஞ்ச் இருந்தால் 2.01 மில்லியில் வேலை முடியும். கம்பெனியின் கணக்கில் அது எப்படியும் 6 டோஸ்தான். அந்தச் சிரிஞ்ச் இல்லாத நாட்டுக்கு ஆறில் ஒன்று நட்டம். நன்கொடையாக வந்தவற்றில் பெரும்பாலானவை சிரிஞ்சும் இல்லாமல், சலைனும் இல்லாமல், ஏற்றுகூலியும் இல்லாமல் வந்தன. 2021 நவம்பரில் கோவாக்ஸும் ஆப்பிரிக்க அமைப்புகளும் சேர்ந்து கேட்டது மிகச் சின்ன விஷயம்: வந்து சேரும்போது குறைந்தது 10 வாரம் ஆயுள் இருக்கட்டும், 4 வாரம் முன்னாலேயே சொல்லுங்கள், சிரிஞ்சையும் சலைனையும் சேர்த்து அனுப்புங்கள். இதைக் கேட்டு அறிக்கை விடும் நிலையில் ஒரு கண்டத்தையே வைத்திருந்தார்கள்.

பணத்திலும் இதே பந்திதான். 2021 ஆகஸ்ட் 23 அன்று ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நிதியம் தன் உறுப்பு நாடுகளுக்கு 65,000 கோடி டாலர் மதிப்புக்குச் சிறப்பு ஒதுக்கீடு கொடுத்தது. பங்கு வைத்திருக்கும் அளவுக்குப் பிரிவினை. அமெரிக்காவுக்கு மட்டும் 11,000 கோடி டாலருக்கு மேல். குறைந்த வருமான நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 2,100 கோடி. தேவை அதிகம் உள்ளவனுக்கு இலை சின்னது.

சமையல் குறிப்பையாவது கொடுங்கள், நாங்களே சமைத்துக்கொள்கிறோம் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன. காப்புரிமைத் தளர்வு, தடுப்பூசிக்கு மட்டும் என்று சுருங்கி, 2022 ஜூனில் வந்தது. அதற்குள் அவசரமே தணிந்துவிட்டது. கேப் டவுனில் அஃப்ரிஜென் என்ற கம்பெனி காத்திருக்கவில்லை. மாடர்னா தடுப்பூசியின் வெளியான மரபணு வரிசையைப் பார்த்து, மாடர்னாவின் உதவி இல்லாமலே, 2022 தொடக்கத்தில் ஆய்வக அளவில் செய்து காட்டியது. இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி என்றால் அதுதான். அடுத்த தொற்றில் பந்திக்குக் காத்திருக்காமல் சொந்த அடுப்பு மூட்டத் தெரிந்த ஊர்கள் வேண்டும்.

போகின்றனவா என்று கேட்டீர்கள். 2025 மே 20 அன்று உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றது. முந்தின நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, 11 நாடுகள் நடுநிலை, எதிர்ப்பு இல்லை. அதன் ஏற்பாட்டில் சேரும் மருந்துக் கம்பெனிகள், பெருந்தொற்றுக் காலத்தில் உற்பத்தி ஆக ஆக 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தர வேண்டும். அதில் பாதியாவது இலவசம். ‘ஆக ஆக’ என்பதுதான் உயிர். மிஞ்சினால் தருவது என்பது வேறு, இலை போடும்போதே தருவது என்பது வேறு. ஆனால் அதன் விவரம் எல்லாம் ஒரு பின்னிணைப்பில் வரும். அந்தப் பின்னிணைப்பு முடிந்தால்தான் உடன்படிக்கையே கையெழுத்துக்கு வரும். அது வரும்போது முகவுரையில் ‘உள்ளடக்கிய’ எத்தனை தடவை வருகிறது என்று எண்ணாதீர்கள். கையில் வரும்போது எத்தனை வாரம் ஆயுள் இருக்க வேண்டும், சிரிஞ்சும் ஏற்றுகூலியும் யார் செலவு என்று எழுதியிருக்கிறதா, அதை மட்டும் தேடுங்கள்.