ஜேசிஎம் கூட்டத்தில் அலுவலர் தரப்பு எதைப் பேசலாம்?

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அலுவலக ஜேசிஎம் (நிர்வாகமும் ஊழியர்களும் உட்கார்ந்து பேசும் கூட்டு ஆலோசனை அமைப்பு) கவுன்சிலில் என்னை அலுவலர் தரப்பு, அதாவது நிர்வாகத் தரப்பு, உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். ஊழியர் தரப்புத் தலைவர் ஒரு கட்சிக்கு நெருக்கமானவர். பழைய ஓய்வூதியத்தை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்தால் அரசியல் ஆகிவிடுமா? அவர்களுடைய சங்க மாநாட்டுக்கும் அழைப்பு வந்திருக்கிறது, எம்.பி. ஒருவர் பேசுகிறாராம். போகலாமா?

பதில்: கேட்பவர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், கேட்பது என்ன என்று பாருங்கள். 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. தேர்தல் மேடைகளில் கட்சிகளும் அதைப் பேசின என்பதால் அது கட்சிக் கோரிக்கை ஆகிவிடாது. ஆனால் அலுவலகக் கவுன்சிலின் எல்லை உள்ளூர் விஷயங்களோடு முடிகிறது. எல்லா ஊழியர்களுக்கும் பொதுவானவை அமைச்சரவைச் செயலர் தலைமையிலான தேசியக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். 'அரசியல் கோரிக்கை' என்று கோப்பில் எழுதினால், கட்சியை உள்ளே இழுத்து வந்தவர் நீங்கள்தான்.

கூட்டத்திலேயே அதை எழுப்பினால் மினிட்ஸில் இப்படி எழுதலாம்: "ஊழியர் தரப்பு பழைய ஓய்வூதியம் குறித்துப் பேசியது. இது இக்கவுன்சிலின் வரம்பில் வராது என அலுவலர் தரப்பு தெரிவித்தது." போதும். பேச்சுவாக்கில் வந்த கட்சிப் பெயர்கள் அதில் வேண்டாம்.

வம்பு எதற்கு என்று வாயே திறக்காத அதிகாரிகளும் உண்டு. அது நடுநிலை ஆகாது. 1960 ஜூலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1966-ல் இந்த அமைப்பு வந்ததே இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்கத்தான். கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது வேறொரு இடத்தில். அரசின் நிலைப்பாட்டைச் சொல்லப் போய், ஆளுங்கட்சிக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "இந்தத் தேதியிட்ட ஆணைப்படி இதுதான் நிலை" என்பது உங்கள் வேலை. "இந்த அரசு உங்களுக்கு எவ்வளவோ செய்திருக்கிறது" என்பது பிரச்சாரம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 5-ஆம் விதி கட்சித் தொடர்பைத் தடை செய்கிறது. 2014-ல் 3-ஆம் விதியிலும் அரசியல் நடுநிலையை வெளிப்படையாகவே சேர்த்தார்கள். ஆளுங்கட்சிக்கு இதில் விலக்கு கிடையாது.

ஊழியர் தரப்புத் தலைவரும் பணியில் இருப்பவர் என்றால், அவரையும் அந்த விதிகள் கட்டுப்படுத்தும். அங்கீகாரம் பெற்ற சங்கம் அரசியல் நிதி வைத்திருக்கக் கூடாது, கட்சிக் கருத்தைப் பரப்பக் கூடாது என்று 1993 அங்கீகார விதிகள் சொல்கின்றன. மீறல் நடந்ததாகத் தெரிந்தால் ஆதாரத்தோடு மேலிடத்துக்கு எழுதுங்கள். கூட்டத்தில் அதை வைத்து மடக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்குப் பேச வேண்டிய கேன்டீனும் குடிநீரும் அப்படியே கிடந்துவிடும்.

அன்றாட விஷயங்களிலும் கவனம் தேவை. ஒரு சங்கத்துக்கு மதிய இடைவேளையில் ஹாலைத் திறந்துவிட்டு, இன்னொரு சங்கத்தை மூன்று முறை மனு எழுத வைத்தால், நீங்கள் எந்தப் பக்கம் என்று ஊழியர்களுக்குப் புரிந்துவிடும்.

சரி, மாநாடு. என் யோசனை: மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பணி விஷயங்களைப் பேசும் அமர்வுக்கு மட்டும் போய்வாருங்கள். எம்.பி. பேசும் மேடையில் உட்கார வேண்டாம். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தால் போகவே வேண்டாம். அடுத்து வேறொரு சங்கம் அழைத்தாலும் இதே மாதிரிதான் செய்ய வேண்டும்.