பொனேரில் கைடு இல்லாமல் ஸ்கூபா டைவ் செய்யலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். நானும் மனைவியும் இரண்டு வருடம் முன்பு அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவ் சான்றிதழ் எடுத்தோம், இதுவரை மொத்தம் ஏழு டைவ்தான். பிப்ரவரியில் ஒரு வாரம் கரீபியனில் இருக்கும் பொனேர் தீவுக்குப் போகிறோம். "அங்கே கைடே வேண்டாம், பிக்கப் வண்டியும் டேங்கும் வாடகைக்கு எடுத்து நீங்களே இறங்கலாம்" என்கிறார் நண்பர். உள்ளூர் டைவ் கடைக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண்தானா? கொடுப்பதென்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: நண்பர் சொல்வது உண்மைதான். பொனேரின் பெருமையே அதுதான். காற்று மறைவான மேற்குக் கரை நெடுக சாலையோரம் மஞ்சள் வண்ணம் அடித்த கற்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். கல்லைப் பார்த்து வண்டியை நிறுத்தி, டேங்கை மாட்டிக்கொண்டு நடந்து இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே பவளத்திட்டு சரியத் தொடங்கிவிடும். படகுக்குக் காத்திருக்க வேண்டாம், நேரக் கணக்கு இல்லை. ஆனால் அவர் இதைச் சொல்லும்போது எத்தனை டைவ் முடித்திருந்தார் என்று கேட்டீர்களா? ஏழு டைவ், அதுவும் இரண்டு வருட இடைவெளி என்றால் என் பதில் வேறு. முதல் இரண்டு நாளுக்காவது உள்ளூர் கைடு வைத்துக்கொள்ளுங்கள். படகுப் பயணத்தில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காரணம் ஆழம் இல்லை. பொனேரில் புதியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் முழங்கால் ஆழத் தண்ணீரில்தான். ஹேவ்லாக்கில் நீங்கள் மணலில் நடந்து இறங்கியிருப்பீர்கள், அல்லது படகிலிருந்து குதித்திருப்பீர்கள். இங்கே கரை என்பது கூரான சுண்ணாம்புப் பாறையும், காலடியில் உருளும் இறந்த பவளத் துண்டுகளும். முதுகில் பதினைந்து கிலோவுக்கு மேல் சுமையோடு அதில் நடக்கும்போது சின்ன அலையே ஆளைச் சாய்த்துவிடும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும், அதன் மேல் பட்டை போட்டு மாட்டும் ஃபின்னும் (நீந்துவதற்கான காலடித் துடுப்பு) கட்டாயம் (வெறுங்காலில் மாட்டும் ஃபின்னை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்). எந்த இடத்தில் பாறைக்கு நடுவே வழி இருக்கிறது, எத்தனை அலைக்கு ஒருமுறை அமைதி வருகிறது, எங்கே உட்கார்ந்து ஃபின் மாட்டலாம் என்பதையெல்லாம் அந்தக் கரையில் தினமும் இறங்குகிறவர்தான் காட்டித் தர முடியும். இரண்டு நாள் கூடவே இறங்கிப் பாருங்கள், பிறகு நீங்களே இறங்கிவிடுவீர்கள்.

எப்படியும் கடைப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. கடற்கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றியுள்ள கடல் முழுக்க 1979 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வெளியிலிருந்து வருகிறவர்கள் 40 டாலர் இயற்கைக் கட்டணம் கட்ட வேண்டும், ஒருமுறை கட்டினால் அந்த ஆண்டு முழுக்கச் செல்லும். தீவுக்குள் நுழையும் வரி தனி. அப்புறம், முதல் டைவுக்கு முன் ஏதாவது ஒரு கடையில் விதிமுறை விளக்கம் கேட்டு, அவர்கள் வாசலிலேயே ஒரு சோதனை டைவ் செய்ய வேண்டும். நிறைய பேர் இதைச் சடங்கு மாதிரி முடித்துவிட்டு ஓடுகிறார்கள். நீங்கள் ஓடாதீர்கள். எத்தனை எடை கட்டினால் சரியாக மிதக்கிறீர்கள் என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கூடுதல் எடையோடு இறங்குகிறவர்தான் பவளத்தின் மேல் போய் உட்காருவார். பவளத்தைத் தொடக்கூடாது, கையுறை போடவும் தடை. கையுறை இருந்தால் தைரியமாகப் பிடித்துக்கொள்வோம், அதனால்தான்.

சரி, கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் உங்கள் நிலைமையை மறைக்காமல் எழுதி, "நாங்கள் எங்கே இறங்கக் கூடாது?" என்று கேளுங்கள். நல்ல கடை என்றால் உடனே பதில் வரும். தெற்கே காற்று பலமாக இருந்தால் போகாதீர்கள், கிழக்குக் கரையை மறந்துவிடுங்கள், ஹில்மா ஹூக்கருக்கு இப்போது வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்வார்கள். எல்லா இடமும் சுலபம் என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு எழுதுங்கள். (ஹில்மா ஹூக்கர் என்பது கஞ்சா கடத்தி மாட்டி 1984-இல் மூழ்கிய 72 மீட்டர் சரக்குக் கப்பல். 30 மீட்டர் ஆழத்து மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. உங்கள் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர், கப்பலின் மேல்விளிம்பே அநேகமாக அந்த ஆழத்தில்தான்.)

இரண்டாவதாக, கைடு உங்கள் இருவருக்கு மட்டுமா, இல்லை எட்டுப் பேர் கும்பலா என்று கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் உங்களுக்குப் பயனில்லை. வாடகை ரெகுலேட்டரை (டேங்கிலிருந்து மூச்சுக் காற்று தரும் கருவி) வாங்கியதும் கடையிலேயே டேங்கில் மாட்டி மூச்சு இழுத்துப் பாருங்கள், இழுக்கும்போது அழுத்தமானி முள் ஆடினால் டேங்க் வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம். பவளத் திசுவை அழிக்கும் நோய் 2023-இல் பொனேருக்கும் வந்துவிட்டது, அதனால் கருவிகளைக் கிருமிநாசினியில் கழுவும் தொட்டி கடையில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கடையின் அக்கறை அதில் தெரியும்.

தனியாக இறங்க ஆரம்பித்ததும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள். டேங்கில் 200 பார் அழுத்தத்தோடு தொடங்கினால் 130 வந்ததும் திரும்பி, கொஞ்சம் மேலேறி, ஓட்டத்தோடு வாருங்கள். தண்ணீருக்குள் இறங்கும்போதே கரையில் எந்த மரம், எந்தக் கட்டடம் என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சால்ட் பியர் என்ற உப்புத் துறைமுகத் தூண்களுக்கு நடுவே மீன் கூட்டம் அள்ளும், ஆழமும் குறைவு. ஆனால் கப்பல் கட்டியிருக்கும் நாளில் இறங்கக் கூடாது, காலையில் கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். 'ஆயிரம் படி' என்று ஓர் இடம், எண்ணினால் எழுபதை ஒட்டித்தான் வரும், டேங்கைச் சுமந்து மேலே ஏறும்போது பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை என்று தோன்றும்.

வண்டியில் எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பொனேரில் வண்டிக்குள் கை வைப்பது பழைய தொல்லை, அதனால் கண்ணாடியை இறக்கி, கதவைப் பூட்டாமல், காலியாக விடுவதுதான் அங்கே வழக்கம். பாஸ்போர்ட்டும் போனும் அறையில் இருக்கட்டும். சாவி? நான் ஒருமுறை ரிமோட் வைத்த சாவியைப் பிசிடியின் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் டைவ் சட்டை) பைக்குள் போட்டு இறங்கிவிட்டேன். மேலே வந்தால் வண்டி கிளம்பவில்லை. ஈர உடையோடு சாலையோரம் இரண்டு மணி நேரம் நின்றேன், எதிரே ஒரு காட்டுக் கழுதை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. வாடகைக்கு எடுக்கும்போதே நனைந்தாலும் கெடாத சாதாரணச் சாவியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நீர் புகாத டப்பா ஒன்று.

டைவ் காப்பீடு எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தீவின் மருத்துவமனையில் டைவ் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது, ஆனால் அதில் படுக்கும் செலவைச் சாதாரணப் பயணக் காப்பீடு ஏற்கும் என்று நம்பிவிட முடியாது. தொடர்ந்து பல நாள் டைவ் செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். சனிக்கிழமை மதிய விமானம் என்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் டேங்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வடக்கே கோட்டோமேர் ஏரிப் பக்கம் வண்டியை விடுங்கள். பூநாரைகள் நிற்கும்.