வட்டாரப் பேச்சு வாடை இருந்தால் ஒலியியல் ஆசிரியராக முடியுமா?

கன்னியாகுமரிப் பேச்சை வைத்துக்கொண்டு ஒலியியல் (பேச்சொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராயும் துறை) படித்து, பாடமும் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "முதலில் உச்சரிப்பைத் திருத்திக்கொள்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தாராளமாக முடியும். அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் கல்லூரியில் ஒலியியல் நடத்துகிறேன். உங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள். அவள் 'காற்று' என்று சொன்னாலே பின்வரிசையில் சிரிப்பு எழும். மலையாளம் ஒட்டிக்கொண்டதாம். ஒருநாள் அவளை முன்னால் அழைத்து, 'பத்து', 'பற்று' இரண்டையும் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதல் சொல்லில் நாக்கு நுனி பல்லைத் தொட்டது. அடுத்ததில் பல்லுக்கு மேலே, ஈறு மேடாக இருக்கும் இடத்தில் அழுந்தி நின்றது. அப்புறம் சிரித்தவர்களைச் சொல்லச் சொன்னேன். பேசும்போது அவர்களுக்குக் 'காத்து'; ஏட்டைப் பார்த்து வாசித்தால் 'ட்ர' மாதிரி ஒன்று. அவள் சொன்ன ஒலி ஒருவர் வாயிலும் வரவில்லை.

பிறகு தொல்காப்பியத்தில், எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலை எடுத்தேன். "அணரி நுனிநா அண்ணம் ஒற்ற", அதாவது நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தில் அழுந்த, றகரமும் னகரமும் பிறக்கும் என்கிறது. ரகர ழகரங்களுக்கோ நாக்கு அண்ணத்தை வருடினால் போதும். அந்த ஒற்றுதலை அவள் வாயில் வகுப்பே பார்த்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் அது இருக்கிறது. மலையாளத்திலும் அது இருப்பதற்குக் காரணம், பழைய ஒலியை அங்கேயும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

உடனே, "அப்படியென்றால் பழத்தைப் பளம் என்பதும் சரியா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ழகரத்தைச் சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, நானும் சொல்லித்தருகிறேன். ஆனால் தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாவதும் சென்னைப் பேச்சில் யகரமாவதும் ஒரு ஒழுங்கோடு நடக்கிற மாற்றங்கள். அதை ஆராய வந்தவர்கள் சோம்பேறி நாக்கு என்று பட்டம் கட்டக் கூடாது.

பேச்சின் ராகம் இன்னும் சுவாரசியமானது. ஒலிப்பதிவில் 400 ஹெர்ட்சுக்கு (வினாடிக்கு 400 அதிர்வுகளுக்கு) மேலுள்ளதை வெட்டிவிட்டால் சொற்கள் புரியாது, ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். அதை வைத்தே எந்தப் பக்கத்து ஆள் என்று மாணவர்களை ஊகிக்கச் சொல்வேன். பேச்சொலியை அளந்து பார்க்க உதவும் பிராட் (Praat) என்ற மென்பொருளில் இதைச் செய்யலாம், இலவசம்தான்.

இவ்வளவையும் கௌரவ விரிவுரையாளராக இருந்துதான் நடத்துகிறேன். பெயரில்தான் கௌரவம். மே மாதம் சம்பளம் கிடையாது, தேர்வுத்தாள் திருத்த மட்டும் அழைப்பு வரும். நல்ல மைக் ஒன்று கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஒலியியல் படித்தவர்களை இப்படி நடத்தினால் இந்தத் துறைக்கு யார் வருவார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பெரியவர்களின் பேச்சை இப்போதே பதிவு செய்யத் தொடங்குங்கள். எதையும் வாசிக்கச் சொல்லாதீர்கள், எழுத்துத் தமிழ்தான் வரும். கதை பேச விடுங்கள். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே சேமியுங்கள். வாட்ஸப்பில் வந்த பதிவை அளவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள், வாட்ஸப் ஒலியைச் சுருக்கிவிடும்.