ராஃபியா புல்பாயின் மஞ்சளை அடக்குவது எப்படி?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில், நண்பர் ஒருவருடைய நெல்வயல் வரப்பில் வாத்து வேட்டைக்காக ஏ வடிவச் சட்டத்தில் ஒரு மறைவிடம் அமைக்கிறோம். அதைப் போர்த்துவதற்கு வாங்கிய ராஃபியா புல்பாய்கள் புதிதாக வேய்ந்த கூரையைப் போல மஞ்சளாகப் பளிச்சிடுகின்றன. இவற்றுக்கு எப்படிச் சாயமேற்றிப் பழசாக்குவது? பேசாமல் வயலில் கிடக்கும் வைக்கோலையே கட்டிவிட்டால் என்ன?

பதில்: மறைவிடத்தைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் மூன்று: மினுக்கம், எங்கும் ஒரே சீரான நிறம், மேலிருந்து பார்த்தால் கருந்துளைபோல இருட்டாகத் தெரியும் மறைவிடத்தின் திறப்பு. நிறம் சற்று முன்பின்னாக இருப்பது இவற்றுக்குப் பிறகுதான் வரும். வாத்துகளின் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் நான்கு வகை. நமக்குப் புலப்படாத புற ஊதாவின் ஒரு பகுதியும் அவற்றுக்குத் தெரியும். ஆகவே பாய்களைத் துணி துவைக்கும் சோப்புத்தூளில் அலச வேண்டாம். அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக உமிழும். நீங்கள் மறைக்க நினைக்கும் இடம் அதனாலேயே தனித்துத் தெரியும்.

சாயம் வாங்குவதற்கு முன் வரப்புக்குப் போய், மறைவிடம் நிற்கப்போகும் இடத்தைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் இருப்பவற்றைப் பறித்து வாருங்கள்: அறுவடைக்குப் பிந்தைய அரிதாள், வாய்க்கால் ஓரத்துச் சம்பு, காய்ந்த களைத்தண்டு. அவற்றைத் தண்ணீரில் நனைத்த பிறகே நிறத்தை ஒப்பிடுங்கள். அப்பகுதியில் வைக்கோலை எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்க 1991இல் சட்டம் வந்தபின், வைக்கோல் மட்குவதற்காக வயல்களில் நீர் கட்டுவது பெருகியது. எனவே வேட்டைப் பருவம் முழுவதும் உங்களைச் சூழ்ந்திருப்பது ஈரத் தாள்தான், அது காய்ந்த தாளைவிட இரண்டு படி கருமையானது.

ராஃபியா என்பது பனையினத்து ஓலையின் மேல்தோலிலிருந்து உரிக்கும் நார். தாவர நார் என்பதால் கடையில் கிடைக்கும் எல்லாத் துணிக்குமான சாயமே ஏறும்; மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். முதலில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட வெதுவெதுப்பான நீரில் பாயை ஊறவைத்துப் பிழியுங்கள். ஒரு கிலோ உலர்ந்த நாருக்குப் பன்னிரண்டு லிட்டர் அளவில், ஏறத்தாழ 60 டிகிரி சூடுள்ள நீரில் பழுப்புச் சாயத்தையும் ஒரு கோப்பை உப்பையும் கரைத்து, அதில் சிறிதளவு ஆலிவ் பச்சை சேருங்கள். இங்கே ஒழுங்கு பார்க்காதீர்கள். சில பாய்களின் அடிப்பாதியை மட்டும் முக்குங்கள். சிலவற்றைப் பத்து நிமிடத்தில் எடுங்கள், சிலவற்றை அரைமணி விட்டுவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கைச் சாயமே காட்டாமல் வையுங்கள். இயற்கையில் ஒரு புதரில்கூட இரண்டு தாள் ஒரே நிறமாக இருப்பதில்லை. அலசும் நீர் தெளியும்வரை அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையில் சாயம் உங்கள் உடையில்தான் இறங்கும். பாய் பாலிபுரொப்பிலீனில் செய்ததாக இருந்தால் இந்த வேலை எதுவும் பலிக்காது. அதற்கு மினுக்கமில்லாத மேட் ஸ்பிரே பெயின்ட்தான் வழி. காக்கி, பழுப்பு, அடியில் லேசாகக் கறுப்பு என்று, டப்பாவைத் தள்ளிப் பிடித்து விட்டுவிட்டு அடியுங்கள்.

மிச்சத்தை வெயிலும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். நார் வெளுத்துச் சாம்பல் பூப்பதற்கு இரண்டும் வேண்டும். உங்கள் பள்ளத்தாக்கில் கோடையில் மழை அநேகமாக இல்லை என்பதால், ஆகஸ்டிலேயே பாய்களை வேலியில் விரித்து, ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாலையில் குழாய்த் தண்ணீர் அடித்து வாருங்கள். கடைசியாகச் சேறு. அந்த வயலின் சேற்றையே தோசைமாவுப் பதத்தில் கரைத்து, பழைய துடைப்பத்தால் பாயிலும் சட்டத்திலும் துணியிலும் பூசி, நன்றாகக் காய்ந்ததும் உதறுங்கள். உதிர்வது உதிரட்டும், இழைகளில் தங்கும் மெல்லிய படலம்தான் மினுக்கத்தைக் கொல்கிறது. இத்தனை வேலையில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் சாயத்தை விட்டுவிட்டுச் சேற்றைப் பூசச் சொல்வேன்.

வைக்கோல் பற்றி: கட்டலாம், கட்டவும் வேண்டும், பாயை அடித்தளமாக வைத்து, அதன் மேல் அங்கு விளைந்ததைச் செருகுவதே சிறந்த மறைப்பு. ஆனால் பயிர்த்தாளைக் கொண்டு மறைக்கும்போது தானியம் சிந்தவோ வெளியே தெரியவோ கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதி சொல்கிறது. சிந்தினால் அது இரை போட்டு வேட்டையாடியதாகக் கருதப்படும். கதிர் ஒட்டியிருக்கும் தாளை வரப்புக்குக் கொண்டுவராமல், நெல்மணி எதுவும் இல்லை என்று கையால் உருவிப் பார்த்தே கட்டுங்கள். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: காட்டு வாத்து வேட்டை இங்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பறவைப் படமெடுப்போர் அனுமதி பெற்ற இடத்தில் இதே முறையில் மறைப்பு செய்துகொள்ளலாம்.)

அக்டோபரில் போர்த்தியதை ஜனவரிவரை அப்படியே விடாதீர்கள். குளிர்கால மழை விழுந்ததும் உங்கள் வரப்புகளில் இளம்புல் முளைத்துப் பச்சை ஏறும். டிசம்பர் வாக்கில் அடிப்பகுதியில் பச்சைக் கொத்துகளைச் சேர்த்து, மேலே கருமையைக் கூட்டுங்கள். கூரைப் பக்கத்தில் திறப்பின் குறுக்கே நீண்ட தாள்களைச் சாய்த்து விட்டால் கருந்துளை உடையும். பிறகு உயரமான இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் விலகியபின், பாய் சுற்றுப்புறத்தைவிட வெளிறியிருக்கிறதா கருத்திருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். உலர்ந்த ராஃபியா எளிதில் தீப்பற்றும் என்பதால், உள்ளே எரிவாயு ஹீட்டரோ காப்பி அடுப்போ வைப்பதாக இருந்தால், அதைச் சுற்றித் தாராளமான அகலத்துக்குப் பாயே இல்லாமல் விட்டுவிடுங்கள்.