பேஸ்போல் சீருடை வரைபவர்களுக்கு: கேள்வி பதில்

கொழும்பில் பாடசாலை அணிகளுக்கும் கழகங்களுக்கும் ஜேர்சி வரைந்து, அச்சடித்து, தைப்பித்துக் கொடுப்பது என் தொழில். பேஸ்போல் என்றால் எனக்கு உயிர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இரவு ஏழு மணி ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை ஏழரை. ஆதலால் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு இன்னிங்ஸாவது பார்த்துவிடுவேன். தங்களுக்குப் பிடித்த அணிக்குப் புதுச் சீருடை வரைந்து பார்க்கிறவர்கள் கொழும்பில் இத்தனை பேர் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, எனக்குப் பிடித்த அணி சியாட்டில் மரினர்ஸ். அவர்களுக்குப் புதுச் சீருடை வரைய ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (உயர்தர மாணவர், வெள்ளவத்தை)

தொப்பியிலிருந்து, தம்பி. அநேகம் பேர் ஜேர்சியின் முன்பக்கத்தில் தொடங்கி, கடைசியில் மிஞ்சிய நிறத்தைத் தொப்பிக்குப் போடுகிறார்கள். பேஸ்போலில் கமெரா அதிக நேரம் நிற்பது பந்து எறிபவரின் முகத்தில். அவர் தலையில் இருப்பதுதான் அணியின் முகவரி. ரசிகர்கள் தெருவில் அணிந்துகொண்டு திரிவதும் அதைத்தான்.

கம்பியூட்டரை மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் ஒரே நிறத்தில் தொப்பிச் சின்னத்தை வரையுங்கள். முத்திரை அளவுக்குச் சுருக்கினாலும் அது என்னவென்று தெரிய வேண்டும். மரினர்ஸ் 1977இல் களமிறங்கியபோது ஒரு திரிசூலத்தையே ஆங்கில ‘எம்’ எழுத்தாக வளைத்திருந்தார்கள். 1993இல் திசைகாட்டி வந்தது. இரண்டும் கடல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பொருள் மட்டுமே. நங்கூரம், அலை, கப்பல், கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் ஒரே தொப்பியில் ஏற்றினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம், சொந்த மைதானத்துக்கு வெள்ளை, வெளியூருக்குச் சாம்பல் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து வரையுங்கள். வெள்ளையில் பளிச்சென்று இருக்கும் வெளிர்ப்பச்சை, சாம்பலில் செத்துப்போகும். அதற்கு ஓரக்கோடு கொடுப்பதா, அடர்த்தியை மாற்றுவதா என்ற முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள்.

நான் நியூயோர்க் யாங்கீஸ் ரசிகன். அவர்கள் சீருடை மிகவும் பழையதாகத் தெரிகிறது. பின்னால் பெயர், கைகளில் சிவப்புப் பட்டை, புது எழுத்து எல்லாம் சேர்த்து ஒன்று வரைந்தேன். பார்த்தவர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. ஏன்? (வத்தளை)

ஏனென்றால் நீங்கள் வரைந்தது வேறொரு அணி. யாங்கீஸ் சீருடையில் மேலிருந்து கீழே இறங்கும் அந்த மெல்லிய நீலக் கோடுகளை அவர்கள் முதலில் அணிந்தது 1912இல். 1915இலிருந்து அவை சொந்த மைதானச் சீருடையில் நிரந்தரம். 1929இல் முதுகில் இலக்கம் போட்டபோது, துடுப்பெடுத்தாடும் வரிசைப்படியே கொடுத்தார்கள். மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக இறங்கிய லூ கெரிக்குக்கு 4. 1960இல் சிகாகோ வைட் சொக்ஸ் முதுகில் பெயரைப் போடத் தொடங்கி, மற்ற அணிகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. யாங்கீஸ் தங்கள் வழமையான சீருடையில், சொந்த மைதானத்திலும் வெளியூரிலும், இன்றுவரை பெயர் போடவில்லை. பெயர் இல்லாததுதான் அவர்கள் அடையாளம். அதில் போய்ப் பெயரைப் போட்டால் ரசிகர் எப்படி ஏற்பார்?

இப்படிப்பட்ட அணிக்கு வரையும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். டொட்ஜர்ஸ் என்ற அணியின் ஜேர்சியைப் பாருங்கள். வெள்ளை, நீலம், நெஞ்சில் சாய்ந்த கையெழுத்து, அதற்குக் கீழே திடீரென்று ஒரு சிறிய சிவப்பு இலக்கம். தொலைக்காட்சியில் தெரியட்டும் என்று 1951ஆம் ஆண்டின் உலகத் தொடருக்காக, அதாவது அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டிகளுக்காக, திட்டமிட்ட சிவப்பு அது. எதிரணியான ஜயண்ட்ஸின் பொபி தொம்சன் அடித்த ஒரே அடியில் அந்த ஆண்டு டொட்ஜர்ஸ் தொடருக்குப் போகவில்லை. அதனால் 1952இல்தான் அணிந்தார்கள். வேறெங்கும் சிவப்பு இல்லாததால்தான் அந்த இலக்கத்துக்கு அவ்வளவு உயிர். கைப்பட்டை, கழுத்து, காலுறை எல்லாவற்றிலும் சிவப்பைத் தெளித்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

யாங்கீஸில் கைவைக்க இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். தொப்பியில் பின்னிக்கிடக்கும் ‘என்-ஒய்’ ஒரு வடிவம், ஜேர்சி நெஞ்சில் இருப்பது இன்னொரு வடிவம். இரண்டையும் ஒன்றாக்கினால் எப்படி இருக்கும்? இதை வரைந்து பாருங்கள். நல்ல பயிற்சி.

சிட்டி கனெக்ட் மாதிரிக் கொழும்புக்கு ஒரு கற்பனை அணி வரைகிறேன். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைப் பட்டை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் பட்டம் மூன்றையும் சேர்த்திருக்கிறேன். எப்படி? (பம்பலப்பிட்டி)

தெரியாதவர்களுக்காக: சிட்டி கனெக்ட் என்பது மேஜர் லீக் (வட அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்போல் போட்டி) அணிகள் தங்கள் நகரத்தை மனதில் வைத்து அணியும் தனிச் சீருடை. 2021இல் தொடங்கியது.

அந்த வரிசையில் எனக்குப் பிடித்தவை எல்லாம் ஒரே கதையைச் சொல்பவை. பொஸ்டன் ரெட் சொக்ஸ் தங்கள் சிவப்பையே கைவிட்டு, பொஸ்டன் மரதன் ஓட்டத்தின் மஞ்சளையும் நீலத்தையும் எடுத்தார்கள். மயாமி அணி, ஹவானாவில் முன்பு ஆடிய சுகர் கிங்ஸ் என்ற கியூப அணியின் நினைவை எடுத்தது. கொலராடோ 2022இல் தன் மாநில வாகன இலக்கத்தகட்டில் இருக்கும் மலைத்தொடரை எடுத்தது. மூன்றிலும் நகரத்தின் உயரமான கட்டடம் இல்லை. ஊர்க்காரர் தினமும் காண்பது அல்லது மனதில் வைத்திருப்பது இருக்கிறது.

பள்ளிவாசலைப் பற்றி: இரண்டாம் குறுக்குத்தெருவில் அதைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டைகளை நின்று பார்ப்பவன் நான். 1909இல் கட்டி முடித்த அந்தச் சுவரில் எத்தனை விதப் பட்டை, கட்டம், சுருள்! ஆனால் வழிபாட்டிடத்தை ஜேர்சியில் போட வேண்டாம். பேஸ்போல் வீரர் புழுதியில் நெஞ்சுபட விழுந்து சறுக்குவார். அந்த உடையில் பள்ளியோ கோயிலோ தேவாலயமோ விகாரையோ இருப்பது சரியில்லை. சிவப்பு வெள்ளை என்ற நிறச் சேர்க்கையை வேண்டுமானால் எடுக்கலாம். தாமரைக் கோபுரத்தை விட்டுவிடுங்கள். கொழும்பு என்றதும் எல்லாரும் முதலில் வரைவது அதைத்தான்.

நானாக இருந்தால் கடலோர ரயில்பாதையை எடுப்பேன். கோட்டையிலிருந்து தெஹிவளைப் பக்கம் போகும்போது ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கடல், நடுவில் இரண்டு தண்டவாளம். பேஸ்போல் ஜேர்சியில் ஒரு பழைய வழக்கம் உண்டு: கழுத்தைச் சுற்றி வந்து, பட்டன் வரிசையின் இருபுறமும் கீழே இறங்கும் மெல்லிய நாடா. அந்த இரண்டு கோடுகளும் தண்டவாளம். நடுவில் பட்டன்கள் சிலிப்பர் கட்டைகள். இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தெரிந்தவர் கண்டுபிடிப்பார், தெரியாதவருக்கு அது அழகான ஜேர்சி. நிறத்துக்குத் தபாலட்டை நீலம் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வெள்ளவத்தைக் கடல் கலங்கி ஒரு சாம்பல் பச்சையாகும் அல்லவா, அது. நாடாவுக்குத் துருச்சிவப்பு.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2019 உலகக் கிண்ணத்துக்கான இலங்கை கிரிக்கெட் ஜேர்சியைக் கரையோரத்தில் சேர்த்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து மாஸ் என்ற ஆடை நிறுவனம் தயாரித்தது. அதில் கடலாமை உருவம் இருந்தது. துணியும் படமும் ஒரே கதையைச் சொன்னதால்தான் அது மனதில் நின்றது. பட்டத்தை வேறொரு சீருடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் ‘கொழும்பு’ என்று தமிழில் எழுதி, ‘ம்’ மேல் உள்ள புள்ளியைப் பேஸ்போல் பந்தாக மாற்றியிருக்கிறேன். சரிதானா அண்ணா? (கொட்டாஞ்சேனை)

தமிழில் எழுதியதற்கே கைகொடுக்க வேண்டும், தங்கச்சி. பந்தை மட்டும் எடுத்துவிடுங்கள். மேஜர் லீக் விதிப்புத்தகத்தில், சீருடையின் எந்தப் பகுதியிலும் பந்தின் வடிவத்தை ஒத்த உருவம் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. கண்ணாடிப் பட்டனும் மினுக்கிய உலோகமும் கூடாது. முதுகில் இலக்கம் குறைந்தது 6 அங்குலம். எல்லாம் துடுப்பெடுப்பவரின் கண்ணைக் காப்பதற்காகவும் ஆட்டம் தெளிவாகத் தெரிவதற்காகவும். பந்து வரைந்த தொப்பிச் சின்னங்கள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனாலும் பந்து எறிபவரின் நெஞ்சில் ஒரு வெள்ளை வட்டம் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இனி எழுத்துக்கு வருவோம். பட்டன் வைத்த ஜேர்சியில் சொல் நடுவில் பிளக்கும். எண்ணிப் பார்த்தால் கொ, ழு ஒரு பக்கம், ம், பு மறுபக்கம் என்று சமமாகத் தெரியும். வரைந்தால் அப்படி வராது. ‘கொ’வில் கொம்பும் காலும் சேர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நடுக்கோடு ‘ழு’வைக் கிழித்துக்கொண்டு போகும். இரண்டு வழி இருக்கிறது. கொம்பையும் காலையும் ஒடுக்கி, ‘க’வை நெருக்கி, ‘ழு’ முழுதாக இடப்பக்கம் விழும்படி செய்யலாம். அல்லது பட்டன் இல்லாத ஜேர்சியாக மாற்றலாம். எழுபதுகளில் பல அணிகள் அப்படித்தான் ஆடின.

டொட்ஜர்ஸ் சொல்லுக்குக் கீழே ஒரு வால் ஓடுகிறதே, அது நமக்கும் கிடைக்கும். ‘பு’வின் கீழ் இறங்கும் கோட்டை இடப்பக்கம் இழுத்துச் சொல் முழுவதற்கும் அடியில் ஓட்டுங்கள். ஆனால் ‘ழு’வும் கீழே இறங்குகிறது. வால் அதில் முட்டாமல் இன்னும் தாழ்வாகப் போக வேண்டும். புள்ளியைச் சாதாரண எழுத்தில் இருப்பதைவிடப் பெரிதாக, எழுத்துக் கோட்டின் தடிப்புக்குச் சமமாக வையுங்கள். துணியில் வெட்டித் தைக்கும்போது அது தனித் துண்டு. சிறிதாக இருந்தால் சலவையில் முதலில் கழன்று போவது அதுதான்.

மூன்று மொழியையும் நெஞ்சில் போடலாமா? (மருதானை)

வேண்டாம் நானா. நெஞ்சுக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, கைக்கு ஒன்று. ஒவ்வொரு சீருடையிலும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

வரைந்ததைக் கொழும்பில் தைப்பிக்க முடியுமா? திரையில் உள்ள நிறம் துணியில் வருமா? (தெஹிவளை)

தைப்பிக்கலாம். இங்கே பெரும்பாலும் சப்ளிமேஷன்தான். படத்தை முதலில் தாளில் அடித்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் பொலியெஸ்டர் துணிமீது அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். பருத்தித் துணியில் பிடிக்காது. வெள்ளை மை கிடையாது, துணியின் வெள்ளைதான் உங்கள் வெள்ளை. ஆகவே கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து கேட்காதீர்கள். வெள்ளைத் துணியில் கறுப்பை அடித்து, எழுத்தின் இடத்தை வெறுமையாக விடுவார்கள்.

திரை நிறத்தை நம்ப வேண்டாம். உங்கள் நிறத்தையும் அதைவிடக் கொஞ்சம் கூடிய, குறைந்த சாயல்களையும் சிறு சதுரங்களாக அதே துணியில் அடித்துத் தரச் சொல்லுங்கள். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். கடைக்குள் ரியூப் லைட்டுக்குக் கீழே பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கோடு போட்ட ஜேர்சி என்றால் கூடுதல் கவனம் தேவை. முன் துண்டு, பின் துண்டு, கை எல்லாம் தனித்தனியாக அச்சாகும். பட்டன் வரிசையில் ஒரு பக்கத் துணி மற்றதன் மேல் படியும் அளவைக் கணக்கில் எடுக்காவிட்டால் நடுவில் மட்டும் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். தையற்காரரிடம் மேற்படிவு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, அதற்கேற்பக் கோட்டு இடைவெளியை வையுங்கள்.

பெரிய இடத்திலும் இது சறுக்கும். 2024இல் மேஜர் லீக் புதுச் சீருடையில் முதுகுப் பெயர் சிறுத்து, கால்சட்டை உள்ளே தெரியுமளவு மெல்லியதாக வந்தது. வீரர்களே முறையிட்டார்கள். அடுத்த ஆண்டு எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பிடித்த அணியின் சின்னத்தோடு அச்சடித்து விற்கலாமா? (கிராண்ட்பாஸ்)

விற்கக் கூடாது. அந்தச் சின்னங்கள் பதிவு செய்த வணிகக்குறிகள். வரைந்து பழகுங்கள், நண்பர்களுக்குக் காட்டுங்கள். பணம் வாங்குவதானால் உங்கள் சொந்தச் சின்னமாக இருக்கட்டும்.

ரசிகர் வரைந்ததை ஓர் அணி உண்மையிலேயே ஏற்றுக்கொண்டது உண்டா? (மட்டக்குளி)

உண்டு, அதுவும் பேஸ்போலின் மிகச் சிறந்த சின்னங்களில் ஒன்று. மில்வோக்கி புரூவர்ஸ் 1977இல் நடத்திய போட்டியில் டொம் மைண்டல் என்ற மாணவர் வென்றார். சிறிய ‘எம்’ மேலே விரல்களாகவும், சிறிய ‘பி’ கீழே பெருவிரலும் உள்ளங்கையுமாகவும் சேர்ந்து ஒரு கையுறை. ‘பி’யின் வயிற்றுக்குள் பந்து. 1978இல் தொப்பிக்கு வந்து, தொண்ணூறுகளில் கைவிட்டு, ரசிகர்கள் மறக்காததால் 2020இல் சற்றுத் திருத்தி மீண்டும் பிரதான சின்னமாக்கினார்கள். ஒரு முறை பார்த்தால் கையுறை, மறுமுறை பார்த்தால் எழுத்து. அதைத் தாளில் பார்த்து அப்படியே கையால் நகலெடுத்துப் பாருங்கள். கோடுகளுக்கு இடையிலுள்ள வெள்ளை இடைவெளியை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் கைக்குப் புரியும்.

எங்கள் பாடசாலை சொஃப்ட்போல் அணிக்கு நான்தான் வரைகிறேன். காலுறைக்கு என்ன நிறம்? (கொள்ளுப்பிட்டி)

தொப்பியின் நிறம். கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே மடித்து அணியச் சொல்லுங்கள், அப்போதுதான் காலுறை தெரியும். தலையிலும் காலிலும் ஒரே நிறம், நடுவில் வெள்ளை. தியகம மைதானத்துச் செம்மண் வெள்ளைக் கால்சட்டையில் ஒட்டினால் லேசில் போகாது. அதனால் கால்சட்டைக்கு மட்டும் வெளிர்சாம்பல் கேட்டுப் பாருங்கள்.